வெளிநாட்டில் வாடகைக் கார்: எந்த லைசென்ஸ், எந்த வருஷத்து ஒப்பந்தம்?

ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கலாம். ஒருத்தர் ஜெர்மானியர். இருபது வருஷமா ஆட்டோபானில் ஓட்டுகிறவர். இன்னொருத்தர் நம்ம ஊர்க்காரர். தாம்பரம் ஆர்டிஓவில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி, ஜிஎஸ்டி ரோடிலேயே ஓட்டிப் பழகினவர். ரெண்டு பேரும் அவங்கவங்க நாட்டில் முறையா இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கொண்டு டோக்கியோவில் இறங்கி, வாடகைக் கார் கவுன்டரில் நிற்கிறாங்க. யாருக்கு சாவி கிடைக்கும்?

நம்ம தாம்பரத்துக்காரருக்குத்தான். ஜெர்மானியரோட பெர்மிட் ஜப்பானில் செல்லாது. அவர் ஜப்பானிய மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கி வந்திருக்கணும். ஜெர்மன் லைசென்ஸ் வாங்குவது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு செலவு என்று தெரிந்தவர்களுக்கு இது அநியாயமாகக்கூடத் தோன்றும். ஆனா திறமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நாடு எந்த வருஷத்து ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

இதை இவ்வளவு விரிவா எழுதக் காரணம் இருக்கு. எங்க ஆபீசில் ஆன்சைட் போகிறவர்கள், குடும்பத்தோட டூர் போகிறவர்கள் எல்லோரும் "ஐடிபி எடுக்கணுமா, வேண்டாமா?" என்று ஆமாம்-இல்லை பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறாங்க. அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. போற நாடு எது, அங்கே நீங்க டூரிஸ்டா குடியிருப்பவரா, கார் தரும் கம்பெனி என்ன கேட்கும், விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரர் என்ன கேட்பார் என்று நாலு விதமா பதில் மாறும். இதுக்கெல்லாம் அடியில் இருக்கிற அமைப்பைப் புரிஞ்சுக்கிட்டா, எந்த நாட்டுக்கும் நீங்களே விடை கண்டுபிடிச்சுடலாம்.

முதலில் ஐடிபி என்பது என்ன? நிறைய பேர் நினைக்கிற மாதிரி அது "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" இல்லை. அப்படி ஒரு லைசென்ஸ் உலகத்திலேயே கிடையாது. உங்க ஊர் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கு என்பதை, எல்லா நாட்டுக்காரரும் படிக்கக்கூடிய ஒரு மாதிரிப் படிவத்தில் பல மொழிகளில் எழுதிக்கொடுக்கும் அத்தாட்சிதான் அது. அதனால ஐடிபியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. மூல லைசென்ஸும் கூடவே இருக்கணும்.

இதோட கதை காருக்குச் சமமான வயசு உள்ளது. 1909ல் பாரிஸில் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. வண்டி, ஓட்டுநர் ரெண்டுக்கும் சேர்த்து எல்லை தாண்ட ஒரே சான்றிதழ். 1926ல் மறுபடி பாரிஸ். இந்தத் தடவை வண்டிக்குத் தனி, ஓட்டுநருக்குத் தனி என்று பிரிச்சாங்க. ஓட்டுநருக்கான தனிப் பெர்மிட் அப்போ வந்ததுதான். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐ.நா. சார்பில் ஜெனீவாவில் 1949 செப்டம்பர் 19 அன்று புது ஒப்பந்தம். அதுக்கும் பிறகு 1968 நவம்பர் 8 அன்று வியன்னாவில் இன்னொன்று. அது நடைமுறைக்கு வந்தது 1977ல்.

புது வெர்ஷன் வந்ததும் எல்லோரும் பழசை விட்டுட்டு புதுசுக்கு மாறிடணும், இல்லையா? சாஃப்ட்வேரிலேயே அது நடக்கிறதில்லை. நாடுகள் விஷயத்தில் எப்படி நடக்கும்? சில நாடுகள் 1949லேயே நின்னுடுச்சு. சில நாடுகள் 1968ல் மட்டும் இருக்கு. சில ரெண்டிலும் இருக்கு. சில எதிலுமே இல்லை. நெட்வொர்க் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகின காட்சிதான். ரெண்டு மெஷின் பேசிக்கணும்னா ரெண்டுக்கும் பொதுவா ஒரு புரோட்டோகால் வெர்ஷன் இருக்கணும். இல்லேன்னா கனெக்ஷன் கட்.

இந்தியா 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் 1962ல் சேர்ந்தது. நம்ம ஆர்டிஓ தருவது அந்த 1949 மாதிரிப் பெர்மிட். ஜப்பான் 1964ல், முதல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம், அதே 1949 ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1968க்குப் போகவே இல்லை. ஜெர்மனி 1949ல் இல்லை, 1968ல் இருக்கு. அதனால ஜெர்மானியரோட பெர்மிட்டை ஜப்பானுக்குப் படிக்கத் தெரியாது, நம்மளோடதைத் தெரியும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, தைவான் போன்ற சில இடங்களின் லைசென்ஸை மட்டும், அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்போட ஏற்றுக்கொள்ள ஜப்பான் தனியா ஒரு வழி வைத்திருக்கு. ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன் அந்த மொழிபெயர்ப்பைத் தருகிறது.

பிரிட்டன் இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? தன் மக்களுக்கு 1926, 1949, 1968 என்று மூணு விதப் பெர்மிட்டும் தனித்தனியா விற்கிறது. மூணு நாட்டுக்குப் போறீங்கன்னா மூணும் தேவைப்படலாம். முன்னாடி தபால் ஆபீசில் கொடுத்தாங்க. 2024 ஏப்ரலிலிருந்து பேபாயின்ட் வசதி உள்ள கடைகளில் கிடைக்கிறது. பால் பாக்கெட் வாங்கும் கடையில் சர்வதேச ஒப்பந்தம் சார்ந்த ஆவணம்! லண்டனில் இருக்கிற நம்ம ஆட்கள் இதைக் கவனிச்சுக்கணும். எந்த வருஷத்துப் பெர்மிட் வேணும் என்று நீங்கதான் தெரிஞ்சு கேட்கணும்.

ஜப்பானில் வெற்றி என்றால், வியட்நாமில் நமக்குத் தோல்வி. இப்போ நம்ம ஊரிலிருந்து வியட்நாம் போகிறவர்கள் ரொம்ப அதிகமாயிட்டாங்க. வியட்நாம் 2014ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, ஆனா 1968 ஒப்பந்தத்தில். 1968 பெர்மிட்டை மட்டும்தான் அங்கே செல்லும் என்று எடுத்துக்கிறாங்க. நாம 1,000 ரூபாய் கட்டி எடுத்துப் போகும் 1949 பெர்மிட், சட்டப்படி அங்கே மதிப்பில்லாதது. ஜெர்மானியர் அங்கே ஜாலியா ஓட்டுவார்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. ஹனோயிலோ டா நாங்கிலோ ஸ்கூட்டர் வாடகைக் கடைக்காரர் பெரும்பாலும் லைசென்ஸே கேட்க மாட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துடுவார். "கொடுத்துட்டாங்களே, அப்போ ஓட்டலாம்னுதானே அர்த்தம்" என்று நம்ம ஆள் கிளம்பிடுவார். கடைக்காரர் சாவி கொடுப்பது அனுமதி இல்லை, வியாபாரம். 50 சிசிக்கு மேல் உள்ள வண்டியை செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், விழுந்து கால் உடைந்த பிறகுதான் விஷயம் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியபோது நடந்த விபத்துக்குச் செலவு தர மாட்டோம் என்ற விதி அநேகமா எல்லா பயண இன்ஷூரன்ஸிலும் இருக்கும். பாலிசியைத் திறந்து விலக்குகள் என்ற பகுதியைப் படிச்சுப் பாருங்க. என் அபிப்பிராயத்தில், வியட்நாமில் இந்திய லைசென்ஸோட ஸ்கூட்டர் எடுப்பதை விட கிராப் பிடித்துப் போவது மேல்.

ஜப்பானில் கதை நேர் எதிர். அங்கே கவுன்டரில் இருக்கிற பெண் உங்க பெர்மிட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பார், அட்டையில் 1949 செப்டம்பர் 19 என்ற தேதி இருக்கான்னு தேடுவார், பாஸ்போர்ட்டில் நாட்டுக்குள் வந்த தேதியைப் பார்ப்பார், எல்லாத்தையும் காப்பி எடுப்பார். நம்ம ஆட்கள் இதைப் பார்த்து "ஜப்பான்காரன்னாலே ரூல்ஸ்தான்" என்று சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. காரணம் சட்டத்தில் இருக்கு. ஜப்பானில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். லைசென்ஸ் இல்லாதவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. தெரிந்தே கூட உட்கார்ந்து போனவருக்கும் தனியா தண்டனை உண்டு. அதாவது அந்தக் கவுன்டர் பெண் உங்களுக்காக மட்டும் பார்க்கலை. அவர் கம்பெனிக்காகவும் பார்க்கிறார்.

எங்க பழைய ப்ராஜெக்டில் இருந்த ஒரு நண்பர் இந்தச் சுவரில்தான் போய் முட்டினார். ஒகினாவாவுக்கு அஞ்சு பேர் குடும்பம், எழுபது வயசு தாண்டின அம்மாவோட. வண்டி முன்கூட்டியே பணம் கட்டி புக் பண்ணியாச்சு. அவர் வைத்திருந்தது ஒரு வெப்சைட்டில் வாங்கின பிளாஸ்டிக் அட்டையும் கூடவே வந்த சின்னப் புத்தகமும். பார்க்க அரசாங்கத்தோட புத்தகத்தை விட அழகா இருந்தது. பூகோள உருண்டைப் படம், ஹோலோகிராம், மூணு வருஷம் செல்லும் என்ற வாசகம், எல்லாம் உண்டு. கவுன்டரில் ரெண்டு நிமிஷம் புரட்டிப் பார்த்து, தலை குனிந்து மன்னிப்பு கேட்டு, முடியாது என்று சொல்லிட்டாங்க. ஒகினாவாவில் நாஹாவிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மட்டும்தான் மோனோரயில். மற்ற இடத்துக்கெல்லாம் பஸ் அல்லது டாக்ஸி. அந்த வயசான அம்மா மீன் காட்சியகம் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வந்தவங்க. அது தீவின் வடக்குப் பக்கம். போய்ப் பார்க்க முடியலை.

இந்த அட்டை வியாபாரம் புதுசில்லை. அமெரிக்காவில் 2003லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் இப்படிப் போலி சர்வதேசப் பெர்மிட் விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. இருந்தும் இன்றைக்கும் தேடினால் முதலில் வருவது இவங்க விளம்பரம்தான். அவங்க தந்திரம், "இது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு" என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் "இன்டர்நேஷனல்" என்று போடுவது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நம்ம லைசென்ஸுக்கு உண்மையான ஐடிபியைத் தருவது நம்ம ஊர் ஆர்டிஓ. எந்த வெளிநாட்டு வெப்சைட்டும் தர முடியாது. 1949 மாதிரியில் அது ஒரு வருஷம்தான் செல்லும்; மூணு வருஷம் என்றால் அது 1968 மாதிரியா இருக்கணும், இல்லேன்னா போலி. 1949 மாதிரி கிரெடிட் கார்டு அளவில் வராது. அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு 10ல் அளவே போட்டிருக்கு: 105 மி.மீ.க்கு 148 மி.மீ., சாம்பல் நிற அட்டை, உள்ளே வெள்ளைத் தாள், கடைசிப் பக்கங்கள் பிரெஞ்சில். 1949ல் ராஜதந்திரத்தின் மொழி பிரெஞ்சு என்பது இன்னும் நம்ம ஆர்டிஓ ஆபீஸ் அச்சில் உயிரோட இருக்கு.

நம்ம பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. முன்னாடி ஒவ்வொரு மாநிலமும் ஐடிபியை ஒவ்வொரு அளவில், ஒவ்வொரு நிறத்தில் கொடுத்துக்கிட்டு இருந்தது. ஜப்பான் மாதிரி அட்டையின் வாசகத்தையே எழுத்துக்கூட்டிப் பார்க்கிற நாட்டில் இது பெரிய தலைவலி. 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாடு முழுக்க ஒரே மாதிரி, ஜெனீவா ஒப்பந்தத்தை ஒட்டிய வடிவம் என்று அறிவிச்சது. கியூஆர் கோடும் சேர்த்தாங்க. ஸ்கேன் பண்ணினா மூல லைசென்ஸோட இணைப்பு வரும்.

எடுக்கும் முறையைச் சுருக்கமா சொல்லிடறேன். பரிவாகன் தளத்தில் சாரதி என்ற பகுதி, அதில் ஐடிபி விண்ணப்பம். படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல்கள், போட்டோ. 2021 ஜனவரி அறிவிப்பில், விண்ணப்பிக்கும்போதே விசா இருக்கணும், மருத்துவச் சான்றிதழ் வேணும் என்ற நிபந்தனைகளை எடுத்துட்டாங்க. ஜப்பானில் விசா வருவதற்கு முன்னாடியே ஐடிபி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் இது நல்ல மாற்றம். ஆனா ரொம்ப முன்னாடி எடுக்காதீங்க. எடுத்த தேதியிலிருந்து ஒரு வருஷம் ஓட ஆரம்பிச்சுடும். பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி விண்ணப்பிச்சா சரியா இருக்கும். (சாரதி என்றதும் ஒன்று. நாம இங்கே ஓட்டுநர் உரிமம் என்று எழுதுவதை இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்பாங்க. நம்ம மத்திய அரசு வெப்சைட்டுக்கு அந்தப் பேர் வைக்க, யாழ்ப்பாணத்துக்காரருக்கு மட்டும்தான் அது இயல்பா இருக்கும்.)

என் வயசுக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய விதிப்படி இருபது வயசில் எடுத்த லைசென்ஸ் 20 வருஷம் செல்லும். 2000களின் ஆரம்பத்தில் காலேஜ் முடிச்ச கையோட லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு எல்லாம் இப்போதான் அது முடிகிறது, அல்லது முடிஞ்சே போச்சு. இங்கே போலீஸ்காரர் கேட்காத வரை நாம அந்தத் தேதியைப் பார்ப்பதே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 30 முதல் 50 வயசுக்குள் புதுப்பித்தால் 10 வருஷம் கிடைக்கும். மூல லைசென்ஸ் முடிந்தால் ஐடிபியும் சேர்ந்து செத்துடும். எனவே முதலில் புதுப்பித்தல், பிறகுதான் ஐடிபி. டிஜிலாக்கரில் இருக்குன்னு அட்டையை வீட்டில் வைத்துட்டுப் போகாதீங்க. டிஜிலாக்கரை மதிக்கும்படி சட்டம் இருப்பது இந்தியாவுக்குள்தான்.

அடுத்தது பேர். தமிழர்களுக்கென்றே உள்ள பிரச்சினை இது. வெளிநாட்டுக்காரர் எழுதும் எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஐடிபி படிவத்தில் முதல் வரி குடும்பப் பெயர், ரெண்டாவது வரி மற்ற பெயர்கள். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். லைசென்ஸில் "முத்துக்குமார் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிச்சு "முத்துக்குமார் சண்முகம்" என்று இருக்கும். கிரெடிட் கார்டில் "எஸ் முத்துக்குமார்". நமக்கு மூணும் ஒரே ஆள் என்று பார்த்ததும் புரியும். கவுன்டரில் இருக்கிறவர், பாஸ்போர்ட், லைசென்ஸ், ஐடிபி, கார்டு நாலையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். அதுதான் அவர் வேலையே. பெரும்பாலும் போட்டோவையும் பிறந்த தேதியையும் பார்த்து விட்டுடுவாங்க. எல்லா இடத்திலும் விடுவாங்கன்னு சொல்ல முடியாது. ஐடிபியில் பேர் லைசென்ஸ் பதிவிலிருந்துதான் வரும் என்பதால், ஐடிபி எடுக்கும்போது அதைத் திருத்த முடியாது. லைசென்ஸில் பேர் மாற்றும் சேவை அதே சாரதி தளத்தில் இருக்கு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே லைசென்ஸை மாற்றிவிட்டு, பிறகு ஐடிபி எடுப்பதுதான் சுத்தமான வழி. கொஞ்சம் அலைச்சல், ஆனா ஒரு தடவைதான். வாடகைக் கார் புக்கிங்கையும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே போடுங்க.

வண்டி வகையையும் கொஞ்சம் பார்க்கணும். நம்ம லைசென்ஸில் எல்எம்வி என்றால் 7,500 கிலோ வரை. ஐடிபியில் கார் என்பது பி பிரிவு: 3,500 கிலோ வரை, ஓட்டுநர் தவிர எட்டு சீட் வரை. இங்கே டெம்போ டிராவலர் மாதிரி பெரிசா எடுத்துப் பழகினவங்க, ரெண்டு குடும்பம் சேர்ந்து போறோம்னு வெளிநாட்டில் பன்னிரண்டு சீட் வேன் கேட்டால் அது டி பிரிவு, கிடைக்காது. ஒன்பது பேர் வேன்தான் உச்சம். இன்னொரு வேடிக்கை, அந்தப் பின்னிணைப்பில் ஏ பிரிவு என்பது மோட்டார் சைக்கிளோட சேர்த்து 400 கிலோவுக்கு உட்பட்ட மூணு சக்கர வண்டிகளையும் எடுத்துக்கும். 1949ல் அதை எழுதினவங்க மனசில் நம்ம ஆட்டோ இருந்திருக்காது!

இனி, ஐடிபி தேவையே இல்லாத இடங்கள். பிரிட்டனில் இந்திய லைசென்ஸை வைத்தே 12 மாசம் கார் ஓட்டலாம். தமிழ்நாட்டு லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பது இங்கே நமக்குப் பெரிய வசதி. ஜெர்மனி இன்னொரு விதம். ஒப்பந்த வெர்ஷன் பொருந்தாவிட்டாலும், அந்த நாட்டுச் சட்டமே தனியா நம்ம லைசென்ஸை ஏற்றுக்கிறது, ஜெர்மன் மொழிபெயர்ப்போட. அங்கத்திய மோட்டார் கிளப்பான ஏடிஏசி அந்த மொழிபெயர்ப்பைச் செய்து தருகிறது. அதனால வெர்ஷன் பொருந்தலைன்னா முடியவே முடியாது என்று முடிவு கட்டிடக் கூடாது. ஒப்பந்தம் என்பது குறைந்தபட்ச உத்தரவாதம். அதுக்கு மேல் தாராளமா இருக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. வியட்நாம் அப்படி இல்லை, ஜெர்மனி அப்படி.

அமெரிக்கா என்று ஒரே நாடா நினைக்கவே கூடாது. ஓட்டுவது மாநில விவகாரம். கலிஃபோர்னியாவில் 18 வயசு நிரம்பிய பார்வையாளருக்கு சொந்த நாட்டு லைசென்ஸ் போதும். ஃபுளோரிடாவில் 2013 ஜனவரி 1 முதல், வெளிநாட்டார் எல்லோரும் ஐடிபியும் வைத்திருக்கணும் என்று திடீர்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடாவில் வந்து தங்கும் லட்சக்கணக்கான கனடாக்காரங்க திகைச்சுப் போயிட்டாங்க. நல்லா ஆங்கிலத்தில் இருக்கிற கனடா லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்பு எதுக்கு? 1949 ஒப்பந்தத்துக்கே இது விரோதமா இருக்கலாம் என்ற கேள்வியும் வந்தது. பிப்ரவரியில் போலீஸ் அந்தச் சட்டத்தை அமல்படுத்த மாட்டோம்னு சொல்ல, ஏப்ரலில் சட்டத்தையே மாத்திட்டாங்க. ஆக, போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க என்பதுக்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டாம். அந்த நாட்டு, அந்த மாநிலத்துப் போக்குவரத்துத் துறையின் பக்கத்தை நேரடியா பார்ப்பதுதான் சரி.

சட்டம் வேண்டாம் என்றாலும் வாடகைக் கம்பெனி கேட்கலாம் என்பதை மறந்துடாதீங்க. சட்டம் சொல்வது, ரோட்டில் உங்களை ஓட்ட விடலாமா என்பதை. கம்பெனி பார்ப்பது, முப்பது லட்ச ரூபாய் வண்டியை உங்க கையில் கொடுக்கலாமா என்பதை. லைசென்ஸ் எடுத்து குறைந்தது ஒரு வருஷம் ஆகியிருக்கணும் என்று நிறைய கம்பெனிகள் கேட்கும். புதுப்பித்த அட்டையில் புதுத் தேதி மட்டும் இருப்பதாகத் தோன்றினால், புது மாதிரி அட்டையில் முதலில் வழங்கிய தேதி தனியா இருக்கும், அதைக் காட்டுங்க. டெபாசிட் பிடித்தம் செய்ய ஓட்டுநரின் பேரிலேயே கிரெடிட் கார்டு வேணும். டெபிட் கார்டை நிறைய இடத்தில் வாங்க மாட்டாங்க. மனைவி பேரில் கார்டு, கணவர் பேரில் லைசென்ஸ் என்றால் அங்கேயே பஞ்சாயத்து ஆரம்பிக்கும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டப் போறீங்கன்னா ரெண்டு பேருக்கும் தனித்தனி ஐடிபி, ரெண்டு பேர் பெயரும் ஒப்பந்தத்தில். "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேனே" என்று பேர் இல்லாதவர் ஸ்டியரிங் பிடிச்ச பத்து நிமிஷத்தில் இடிச்சாலும், காருக்கான இன்ஷூரன்ஸ் கைவிரிச்சுடும். ஐடிபிக்குச் செலவு 1,000 ரூபாய். அது இல்லாமல் போகும் செலவு ஒரு முழு காரின் விலை, அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவு. இந்தக் கணக்கை நினைச்சுப் பார்த்தா, தேவையில்லாத நாட்டுக்குப் போகும்போதுகூட நான் ஒன்று எடுத்துக்கிட்டுப் போகச் சொல்வேன்.

ஆன்சைட் போகிறவர்களுக்குத் தனியா ஒரு விஷயம். மேலே சொன்னது எல்லாம் பார்வையாளருக்கு. நீங்க அங்கே குடியேறியவர் ஆனதும் கணக்கு மாறிடும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் ஆன 10 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்குப் போகணும். ஜெர்மனியில் 6 மாசம். அதுக்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ரெண்டும் எழுதித்தான் ஆகணும், இந்திய லைசென்ஸுக்குச் சலுகை இல்லை. துபாயில் ரெசிடென்ஸ் விசா வந்துட்டா இந்திய லைசென்ஸும் ஐடிபியும் காகிதம்தான். ஜப்பானில் ஒரு வருஷம் வரை ஓட்டலாம். ஒரு வருஷம் முடிஞ்சதும் ஊருக்கு வந்து புது ஐடிபி எடுத்துட்டு ரெண்டு வாரத்தில் திரும்பிப் போயிடலாம்னு ஐடியா பண்ணுவாங்க நம்ம ஆட்கள். ஜப்பான்காரங்க அதையும் யோசிச்சு வெச்சிருக்காங்க. குடியிருப்பவரா பதிவு செய்தவர் வெளியே போய் மூணு மாசத்துக்குள் திரும்பினால், அந்த வருகையைப் புது வருகையா கணக்கில் எடுத்துக்க மாட்டாங்க. அந்த நாட்டு லைசென்ஸுக்கு மாத்திக்கிறதுதான் வழி. அதுவும் 2025 அக்டோபர் முதல் கடினமாயிடுச்சு. முன்பு 10 கேள்வி, இப்போ 50 கேள்வி, 90 சதவீதம் சரியா எழுதணும்.

பக்கத்து நாடான இலங்கையும் 1949 ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுதான். ஆனா ஐடிபியை அப்படியே காட்டி ஓட்ட முடியாது. கொழும்பில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் அதில் ஒப்புதல் முத்திரை தரணும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் வாங்கணும். முன்னாடி அதுக்காக ஒரு நாள் போயிடும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் தரும் கவுன்டர் திறந்திருக்காங்க. சீனா எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. பெருநிலப் பகுதியில் ஐடிபி செல்லாது, அவங்க தரும் தற்காலிக லைசென்ஸ்தான். அங்கே ரயில் இருக்கிற நேர்த்திக்கு, கார் எதுக்கு என்று நான் கேட்பேன்.

கடைசியா, நீண்ட நாள் பயணத்தில் வெளிநாட்டில் இருக்கும்போதே ஐடிபி முடிஞ்சுட்டால்? முன்னாடி ஊருக்கு வந்துதான் ஆகணும். அதே 2021 அறிவிப்பில் இதுக்கும் வழி வெச்சிருக்காங்க. அந்த நாட்டு இந்தியத் தூதரகம் வழியா விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஆன்லைனில் உங்க ஊர் ஆர்டிஓவுக்கு வந்து, அவங்க பார்த்துப் புதுப்பிப்பாங்க.